செவிலியின் மகள்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் ஒரு பிற்பகலில், நம் பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், நான்காக மடித்த தாள் ஒன்றைக் கையில் பிடித்தவராய் நம் இல்லத்து வாயிலில் வந்து நின்றார். சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தங்கி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அடுத்த வாரம் காணொளி வழியே நேர்முகத் தேர்வு. அவர் நம்மிடம் வேண்டியவை இரண்டு. ஒன்று, பங்குத்தந்தையின் நற்சான்று. மற்றொன்று, தேர்வில் கேட்கக்கூடியவற்றை முன்கூட்டியே கேட்டு அவரைப் பழக்கிவிடுதல். "நீங்கள் வீட்டுக்கார அம்மா மாதிரி கேளுங்கள், சாமி. நான் பதில் சொல்கிறேன்" என்றார்.

மறையுரைக்கும் ஒப்புரவுக்கும் நோயில்பூசுதலுக்கும் மக்களை ஆயத்தம் செய்யக் குருமடத்தில் கற்றோம். வேலைக்கு ஆயத்தம் செய்ய எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. தாளை வாங்கிப் பிரித்தோம். முகவர் எழுதிக் கொடுத்தது அது. கேள்விகளும் அவற்றுக்குச் சொல்ல வேண்டிய விடைகளும் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்று: பிள்ளைகள் எத்தனை, வயது என்ன? விடை: இருவர், பத்தும் பன்னிரண்டும்.

மூத்தவனுக்குப் பன்னிரண்டு என்பது மெய். இளையவளுக்கு மூன்று. அக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவர்கள் நாம். அவள் பிறந்த நாளும் திருமுழுக்குப் பெற்ற நாளும் நம் கையெழுத்தில் பதிவேட்டில் இருக்கின்றன. அப்பதிவேடு, அவர் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு அருகிலேயே அலமாரியில் இருந்தது. இருவரும் ஒரே வேளையில் அவ்வலமாரியை நோக்கினோம் என்று நினைக்கிறோம்.

"சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் எடுக்க மாட்டார்களாம், சாமி. பிள்ளையை நினைத்து அழுதுகொண்டு பாதியில் திரும்பி வந்துவிடுவோம் என்று பயப்படுவார்களாம்."

அவருடைய கணவர் கடலுக்குச் செல்பவர். படகுக்கு வாங்கிய கடன், வட்டியும் முதலுமாய் வளர்ந்து நிற்கிறது. இந்த ஒரு வரியை இப்படியே சொல்லிவிட்டால் வேலை கிடைக்கும். மாற்றிச் சொன்னால் கிடைக்காமல் போகலாம். உண்மையின் விலையைக் கொடுக்கப்போகிறவர் அவர். அதைச் சொல்லச் சொல்லுகிறவர்கள் நாம். நமக்கோ மூன்று வேளை உணவு உறுதி. இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டு உண்மையைப் பற்றிப் பேசுவது எளிது. அப்படிப் பேசும் மறையுரைகளை நாமே பல நிகழ்த்தியிருக்கிறோம்.

அறநெறி இறையியல் வகுப்பில் பொய்யைக் குறித்துப் பல வாரங்கள் பயின்றதுண்டு. புனித அகுஸ்தினார் அதைப் பற்றி இரண்டு தனி நூல்கள் எழுதினார். எந்த நன்மையின் பொருட்டும் பொய் சொல்லலாகாது என்பதே அவர் முடிவு. எபிரேய மருத்துவப் பெண்கள் ஆண் குழந்தைகளைக் கொல்லாது விட்டுப் பார்வோனிடம் சாக்குச் சொல்லித் தப்பினார்களே, இறைவன் அவர்களுக்கு நன்மை செய்தாரே என்று வினவினால், அவர்களுடைய இரக்கத்துக்கே கைம்மாறு கிடைத்தது, பொய்க்கு அன்று என்பார் அவர். புனித அக்குவினா தோமையாரும் பொய்யை ஏற்கவில்லை. ஆனால் பொய் சொல்வது வேறு, உண்மையை விவேகத்தோடு மறைத்து வைப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். பின்வந்தோர் சிலர் இந்த வாயிலை அகலத் திறந்துவிட்டனர். பாதியை நாவால் சொல்லி, மீதியை மனத்துக்குள் முடித்துக்கொண்டால் பொய்யாகாது என்றனர். அந்தத் தந்திரத்தை 1679இல் திருத்தந்தை பதினோராம் இன்னோசென்ட் கண்டித்தார். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், உண்மையை அறியும் உரிமை இல்லாதவரிடம் அதை வெளியிடும் கடமை எவருக்கும் இல்லை என்று தெளிவாக்குகிறது.

ஆகவே கேள்வி இப்படித் திரும்புகிறது: கேட்பவருக்கு எதை அறியும் உரிமை உண்டு?

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒத்திகையைத் தொடங்கினோம். குழந்தை வளர்ப்பைப் பற்றிய கேள்விகளுக்கு உரிமை முழுமையாக உண்டு. அதில் ஐயமே இல்லை. பேசத் தெரியாத உயிரை அயலாரின் கையில் ஒப்படைக்கும் பெற்றோருக்கு அச்சம் இருப்பது இயல்பு. சாமுவேல் இரண்டாம் நூலில் ஒரு செவிலியைப் பற்றி ஒரே ஒரு வசனம் வருகிறது. சவுலும் யோனத்தானும் மாண்ட செய்தி கேட்டு, ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஓடும் அவசரத்தில் குழந்தை விழுந்து, வாழ்நாள் முழுவதும் கால் ஊனமாகிறது. காக்க நினைத்தவளின் கையிலிருந்துதான் மெபிபோசேத்து விழுந்தான். அன்பு இருந்தால் மட்டும் போதாது, கை பழகியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எனவே அந்தப் பகுதிக்கு நம் மருந்தகத்து அருட்சகோதரியை அழைத்தோம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து உறங்கச் செய்தல், குளிப்பாட்டும்போது தொலைபேசி அழைத்தாலும் கதவு தட்டப்பட்டாலும் நீரில் குழந்தையைத் தனியே விட்டு எழாதிருத்தல், புட்டியைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்தல், காய்ச்சலைக் கையால் தொட்டு மதிப்பிடாமல் வெப்பமானியால் அளத்தல் ஆகியவற்றை அவர் வரிசையாகக் கேட்டார். நம் பெண்மணிக்குப் பெரும்பாலானவை தெரிந்திருந்தன. தெரியாதது ஒன்று, தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின்மேல் இரு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். பழகுவதற்குச் சகோதரி கிறிஸ்துமஸ் குடிலின் பாலன் சொரூபத்தை எடுத்து வந்தார். பாலனின் முதுகில் தட்ட அவருக்குக் கை எழவில்லை. கடைசியில் தலையணையே உதவிற்று.

நம் ஊர் வழக்கங்கள் சிலவற்றிலும் பேச்சு நின்றது. பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது போன்றவற்றை அவர் பெருமையோடு சொன்னார். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் கொடிய நச்சு நோய் வரக்கூடும் என்று சகோதரி விளக்கியதும் அவர் முகம் வாடிற்று. தம் பிள்ளைகள் இருவருக்கும் தேன் தொட்டு வைத்தவர் அவர். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம், ஆனால் உங்கள் மருத்துவர் சொல்வதையே நான் செய்வேன்" என்று விடை அமைந்தது. அதில் பொய்யும் இல்லை, தாழ்வும் இல்லை.

இனி உரிமை இல்லாத கேள்விகள். கணவர் குடிப்பாரா, கடன் எவ்வளவு, இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்கலாம். தமிழ்க் குடும்பமாதலின், கடல் கடந்தும் நம்மை விடாத அந்தக் கேள்வியும் வரலாம்: நீங்கள் என்ன ஆட்கள்? இதற்கெல்லாம் என்ன சொல்வது? "வேலைக்கு வேண்டியதைக் கேளுங்கள், மேடம், சொல்கிறேன்" என்று பணிவோடு கூறலாமே என்றோம். அவர் சிரித்துவிட்டார். "அப்படிச் சொன்னால் போனையே வைத்துவிடுவார்கள், சாமி." உரிமை உண்டு என்று இறையியல் சொல்லலாம், அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வலிமையை அது கொடுப்பதில்லை. நம் வாசகர்களுள் பலர் இந்த மேசையின் மறுபுறம் அமர்ந்து ஆயாவைத் தேர்ந்தெடுப்பவர்கள். விடை சொல்பவரால் மௌனம் காக்க இயலாத இடத்தில், கேட்பவர்தான் நாவைக் காக்க வேண்டும் என்பதை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

மூன்று வயதுக் குழந்தையின் விவரம் இவ்விரண்டில் எதைச் சேரும்? முதலில், அது அவருடைய சொந்த வாழ்வு, மறைத்தாலென்ன என்றே நமக்கும் தோன்றியது. மோசேயின் தாயை நினைத்தோம். பார்வோனின் மகள் ஆற்றில் கண்டெடுத்த குழந்தைக்குப் பாலூட்ட எபிரேயப் பெண்ணொருத்தியை அழைத்து வரவா என்று கேட்டவள் குழந்தையின் அக்காள். அழைத்து வந்தது பெற்ற தாயை. இளவரசி, குழந்தையை வளர்த்துக்கொடு, கூலி தருகிறேன் என்றாள். விவிலியத்தில் நாம் காணும் செவிலி வேலைப் பேச்சு இது ஒன்றே. அதில் முதன்மையான உண்மை சொல்லப்படவே இல்லை. ஆனால் அங்கே பொய்யும் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். அந்தத் தாய் தன் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்வதற்காக வாய் மூடினாள். நம் பெண்மணியோ பிள்ளையை விட்டுச் செல்வதற்காகப் பேச வேண்டியிருந்தது.

நம் மனத்தைத் திருப்பியது நூலறிவு அன்று. இரண்டாம் நாள் ஒத்திகையில், முகவரின் தாளில் உள்ளபடியே ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்று விட்டோம். பத்தும் பன்னிரண்டும் என்று அவர் தடையின்றிச் சொன்னார். உடனே நாம், வீட்டுத் தலைவி கேட்பதுபோல், "பத்து வயதுப் பெண்ணா? எந்த வகுப்பு? நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டோம். பகை ஏதுமின்றி, பேச்சை நீட்டக் கேட்கும் கேள்வி. அவர் வாய் திறந்தபடி நின்றார். இல்லாத ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு வகுப்பும் ஆசிரியையும் தோழிகளும் அங்கேயே படைக்கப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகள் அவளை வளர்த்துவர வேண்டும். இருக்கிற மூன்று வயதுக்காரிக்கோ அவ்வீட்டில் இடமே இராது. அவளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அந்த வீட்டில் முகம் வாடக்கூடாது. அவள் படத்தைச் சுவரில் ஒட்டக்கூடாது. அவள் முதன்முதலாக எழுதிய எழுத்தை எவரிடமும் காட்டக்கூடாது. அந்தப் பொய், வேலை கொடுப்பவரிடமிருந்து ஓர் உண்மையைப் பறிப்பதைவிட, தாயிடமிருந்து மகளைப் பறிப்பதில்தான் மிகுதியாக வேலை செய்யும். இதை நாம் விளக்கவில்லை. அவரே தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதே நாளில் நாம் ஒரு பிழை செய்தோம். பல வீடுகளில் கேட்பார்கள் என்று முகவர் குறித்திருந்த கேள்வியையே கேட்டோம்: "எங்கள் குழந்தையை உங்கள் குழந்தையைப் போல நேசிப்பீர்களா?" ஆம் என்றார், மிக விரைவாக. பிறகு தலை குனிந்துகொண்டார். கேட்டபின்தான் அக்கேள்வியின் கொடுமை நமக்கு உறைத்தது. தன் குழந்தையை விட்டு வந்தால்தான் இந்த வேலை; வந்தவளிடம், விட்டு வந்தவளுக்குரியதை இவனுக்குக் கொடுப்பாயா என்கிறோம். உழைப்பை விற்கலாம், நேரத்தை விற்கலாம், விழிப்பையும் பொறுமையையும் கூட ஒப்பந்தத்தில் எழுதலாம். அன்பை எழுத இயலாது. அது வந்தால் வரும். பெரும்பாலும் வரவும் செய்யும். ஆனால் முன்பணம் கொடுத்து வாங்கும் பொருளாக அதைக் கேட்பவர், கிடைத்ததை அறியும் வழியையும் இழக்கிறார். "குழந்தைக்கு ஒரு தீங்கும் வராமல் பார்த்துக்கொள்வேன், அழுதால் தூக்குவேன், ஒருநாளும் அடிக்க மாட்டேன்" என்று சொல்லும்படி மாற்றினோம். நிறைவேற்றக்கூடிய வாக்குறுதி இது.

தமிழ் அகமரபு அறிந்தோர்க்கு நற்றாயும் செவிலித்தாயும் புதியவர்கள் அல்லர். தலைவி தலைவனோடு சென்றுவிட்டால், பாலை வழியில் தேடிச் செல்பவள் பெற்றவள் அல்லள், வளர்த்த செவிலி. அவ்வளவு உரிமை அவளுக்கு. தோழி என்பவள் யார்? செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். இதைப் பள்ளியில் படித்தபோது உறவுமுறைக் குறிப்பாக மட்டுமே கொண்டோம். இப்போது வேறொன்று தெரிகிறது. அந்த மரபில் செவிலி தன் மகளை எங்கும் விட்டுவிட்டு வரவில்லை. இரு குழந்தைகளும் ஒரே முற்றத்தில் வளர்ந்தனர். தலைவியின் நெஞ்சறிந்தவள் செவிலியின் மகளே. பெரிய வீட்டுக்கும் சிறிய வீட்டுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்தச் சிறுமி கண்முன் இருந்தாள். இன்று சிங்கப்பூருக்குப் பணிப்பெண்ணாகச் செல்பவர் தம் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. செவிலி வருகிறாள், தோழி வருவதில்லை.

விவிலியமும் ஒரு செவிலியைப் பெயரிட்டுப் போற்றுகிறது. ரெபேக்கா மணமாகிச் சென்றபோது உடன் சென்றவள் தெபோரா. முதிர்ந்து இறந்தபோது பெத்தேல் அருகே ஒரு கருவாலி மரத்தடியில் அவளை அடக்கம் செய்தார்கள். அம்மரத்துக்கு அழுகையின் மரம் என்று பெயர் வந்தது. ரெபேக்காவின் இறப்பைத் தொடக்க நூல் விவரிக்கவே இல்லை. அவளுடைய ஆயாவின் இறப்பை விவரிக்கிறது. யாக்கோபின் வீட்டார் அழுதிருக்கிறார்கள். இந்த இடத்தை நாம் எத்தனையோ முறை வாசித்துக் கடந்திருக்கிறோம்.

ஒத்திகையில் எஞ்சியது, அவர் கேட்க வேண்டிய கேள்விகள். நேர்முகத் தேர்வில் இரு தரப்பும் கேட்கலாம் என்பதே அவருக்கு வியப்பாயிருந்தது. நாம் அறிந்த அளவில் சிங்கப்பூரின் விதிகளைச் சொல்லிக் கொடுத்தோம். அங்குப் புதிதாகச் செல்லும் பணிப்பெண்ணுக்கு 23 வயது நிரம்பியிருக்க வேண்டும்; எட்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு வேண்டும். இவர் பத்தாம் வகுப்பு முடித்தவர். கடவுச்சீட்டை வேலை கொடுப்பவர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அங்குள்ள முகவர் அவரிடம் பெறும் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தை மிஞ்சக் கூடாது. வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 2013 முதல் விதி. பணிப்பெண் இசைந்தால் ஓய்வுக்குப் பதில் ஊதியம் கொடுக்கலாம் என்றிருந்ததால், பலருக்கு அது ஏட்டில் நின்றது. எனவே 2023 சனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்ய இயலாத ஓய்வாகக் கொடுத்தே தீர வேண்டும் என்றனர். இவற்றோடு, உறங்கும் இடம் எது, குழந்தை இரவில் எழுந்தால் மறுநாள் பகலில் ஓய்வு உண்டா, குழந்தையைப் பார்ப்பதோடு வீட்டு வேலை எவ்வளவு என்பனவற்றையும் கேட்கச் சொன்னோம்.

"நீயும் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்று சொன்னால்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நம் மொழியில் உறவுச்சொல் இன்றி எவரையும் அழைக்க இயலாது; அது நம் பண்பாட்டின் அழகு. அதுவே பல வீடுகளில் வேலை நேரத்தை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. வீட்டுப் பெண்ணுக்கு விடுமுறை ஏது, வீட்டுப் பெண் சம்பளம் கேட்பாளா? 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நீதியான கூலியைப் பற்றி எழுதியபோது, பெரும்பாலோர் மனத்தில் ஆலைத் தொழிலாளியே நின்றான். அடுக்களையும் தொட்டிலும் தொழிற்கூடங்களாகக் கருதப்பட நெடுங்காலம் ஆயிற்று. வீட்டுப் பணியாளரும் தொழிலாளரே என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது 2011இல்தான். எனவே அவருக்குச் சொன்னோம்: குடும்பத்தில் ஒருத்தி என்றால் மகிழ்ச்சி என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஓய்வு நாள் எது என்று கேளுங்கள்.

நற்சான்றில், அவரைப் பதினைந்து ஆண்டுகளாக அறிவோம் என்றும், நம்பிக்கைக்கு உரியவர் என்றும், அவருக்குப் பன்னிரண்டு வயது மகனும் மூன்று வயது மகளும் உண்டு, பாட்டியின் பொறுப்பில் இருப்பார்கள் என்றும் எழுதினோம். கடைசி வரி தேவையில்லையே என்று முகவர் தொலைபேசியில் கேட்டார். இருக்கட்டும் என்றோம்.

முதல் குடும்பம் மறுத்துவிட்டது. மரியாதையாகத்தான் மறுத்தார்கள்: சின்னக் குழந்தையை விட்டு வருவது பாவம் அல்லவா என்றார்களாம். அந்த ஞாயிறு திருப்பலி முடிந்து அவர் நம்மிடம் பேசாமல் சென்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே. முகவர் அந்த வரியைப் பற்றிக் கேட்டபோது வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று அந்நாள்களில் நாம் எண்ணாமல் இல்லை. உயிர்ப்புப் பெருவிழா வந்தது, போயிற்று. வட்டிக்காரர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்ததைக் கண்டவர்கள் நம்மிடம் சொன்னார்கள்.

பாஸ்கா காலம் முடியுமுன் இரண்டாவது அழைப்பு வந்தது. ஏழு மாத ஆண் குழந்தை. தாய் பணிக்குத் திரும்ப வேண்டும். சிக்னல் சரியாகக் கிடைக்கும் என்று நம் இல்லத்து முகப்பிலேயே அமர்ந்து பேசினார். நாம் உள்ளே இருந்தோம். காதில் விழாமல் இல்லை. மூன்று வயது என்று அவர் சொன்னதும் மறுமுனை சற்று நேரம் மௌனமாயிற்று. பிறகு அந்தத் தாய், "ராத்திரி யாரிடம் படுப்பாள்?" என்று கேட்டார். "என் மாமியாரிடம், மேடம்." அதன்மேல் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குளியல், பால், காய்ச்சல் என்று மற்றவை ஓடின. அன்பைப் பற்றிய கேள்வி வரவே இல்லை. இறுதியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்ற குரல். ஓய்வு நாளைக் கேட்டார். உறங்கும் இடத்தைக் கேட்டார். பிறகு, நாம் சொல்லிக் கொடுக்காத ஒன்றைக் கேட்டார்: குழந்தை இரவு எட்டு மணிக்கெல்லாம் உறங்கிவிடும் என்றீர்களே, உறங்கியபின் தினமும் பத்து நிமிடம் என் மகளோடு பேசலாமா?

ஆகஸ்டில் புறப்பட்டார். அங்கே எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. அங்கன்வாடியிலிருந்து வந்து முகம் கழுவிய சிறுமியைப் பாட்டி நம் இல்லத்து முகப்புப் படிக்கு அழைத்து வருகிறார். அன்று கிறுக்கிய படத்தை அவள் கைப்பேசியின் முன் பிடித்துக் காட்டுகிறாள். சில நாள்களில் மறுமுனையில் குழந்தை வீறிடும் ஒலி கேட்கும். பேச்சு பாதியில் நின்றுவிடும். "தம்பி எழும்பிட்டான்" என்று சொல்லி அவள் கைப்பேசியைப் பாட்டியிடம் நீட்டுகிறாள்.